தன் கதைக்குத் தானே நடிகை

காட்கோபர், செம்பூர், தாராவி நேயர்களுக்கு ஒரு தகவல். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை ரேவதி, இளவயதில் நம் மும்பையிலும் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையை ‘வெள்ளை மொழி’ என்ற தன்வரலாறாக எழுதினார். பிறகு அது அ. மங்கையின் நெறியாள்கையில் ஓராள் நாடகமானது, மேடையேறியவரும் ரேவதியே. ஆண் நடிகருக்குச் சேலை கட்டி, திருநங்கை என்று கேலிக்கு நிறுத்தும் சினிமா வழக்கத்துக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. 2014இல் சென்னையில் திருநங்கைக் கலைஞர் லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் தொடங்கிய ‘பன்மை’ நாடகக் குழுவிலும் திருநங்கையர், திருநம்பியர் தங்கள் அனுபவத்தையே நாடகமாக்கினார்கள். ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் தேடும் மன்றத்தாரே, அடுத்த ஒத்திகைக்கு உங்கள் பேட்டைத் திருநங்கையரையும் கூப்பிடுங்கள்!