சும்மா நின்றால் ஏன் வலிக்கிறது?

குழந்தைகளே, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கையை முன்னால் நீட்டிப் பிடியுங்கள். அசையக் கூடாது! என்ன, கொஞ்ச நேரத்திலேயே தோள் கடுக்கிறதா? பாட்டில் ஓர் அங்குலம்கூட நகரவில்லையே, பிறகு ஏன் வலி?

ஓசூரில் நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவன், "எங்கம்மா சிப்காட் கம்பெனியில எட்டு மணி நேரம் சும்மாதான் நிக்கிறாங்க சார். வீட்டுக்கு வந்தா கால் வலின்னு படுத்துடறாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாரையும் மைதானத்தில் கயிறு இழுக்கவிட்டேன். எல்லை ஊர் அல்லவா? 'இழு', 'லாகு', 'எளி' என மூன்று மொழியிலும் கூச்சல். இரண்டு அணியும் சமபலம். கயிறு நகரவே இல்லை. ஆனால் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது.

தசைக்குள் நடப்பதும் இதுதான். தசை செல்லில் 'ஆக்டின்' என்ற மெல்லிய இழைகள் உண்டு. அவை கயிறு. 'மயோசின்' என்ற தடித்த இழை ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான குட்டித் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை கைகள். நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் செல்லுக்குள் கால்சியம் பரவி, ஆக்டினில் பிடிப்பதற்கான இடங்களைத் திறந்துவிடும். உடனே தலைகள் பற்றி இழுக்கும். ஓர் இழுப்பின் தூரம், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு! கயிறு குட்டையாகாதது போலவே இழைகளும் குட்டையாவதில்லை. ஒன்றையொன்று உரசி வழுக்கிச் செல்கின்றன, தசை சுருங்குகிறது.

இதை 1954இல் இரண்டு குழுக்கள் 'நேச்சர்' இதழில் ஒன்றாக வெளியிட்டன. ஒன்றில் ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன். மற்றதில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே. வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை!

சரி, பாட்டிலுக்கு வருவோம். அது நகராவிட்டாலும் தலைகள் ஓய்வதில்லை. பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு முறை பிடியை விடுவதற்கும் 'ஏ.டி.பி.' என்ற சக்திப் பொருள் ஒன்று வந்து ஒட்ட வேண்டும். ஆமாம், விடுவதற்கும் செலவுதான்! இறந்தவர் உடல் விறைப்பது, ஏ.டி.பி. தீர்ந்து தலைகள் பிடியை விட முடியாமல் போவதால்தான்.

நிற்கும்போது நம்மைச் சாயாமல் தாங்குபவை கெண்டைக்கால், முதுகுத் தசைகள். நடந்தாலாவது தசை விட்டுவிட்டுச் சுருங்கி, காலின் ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அதுவும் குறைவு.

மறுநாள் அந்தப் பையன் வந்தான். "நேத்து அம்மாவை உட்கார வச்சுட்டு நானே பாத்திரம் கழுவினேன் சார். அரை மணி நேரம் நின்னதுக்கே கால் வலிக்குது!"