டயாப்பர் ரேஷ்: கிரீம் வாங்கும் முன் சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கொல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது. துவைத்துப் போட்ட நாப்கின் மறுநாளும் ஈரமாகவே தொங்கும். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த 'காந்தா'தான் வங்காளக் குழந்தைகளின் படுக்கை. மழைக்காலத்தில் அதுவும் நமத்துப்போகும். அதனால் சால்ட் லேக்கிலோ நியூ டவுனிலோ வேலை பார்க்கும் இளம் பெற்றோர் பகலிலும் டயாப்பரையே நம்புகிறார்கள். சில நாட்களில் குழந்தையின் அடிப்பகுதி சிவந்து நிற்கிறது.

ஊரில் இருக்கும் அம்மா போனில் "தேங்காய் எண்ணெய் தடவு, சரியாப் போயிடும்" என்பார். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போனில் எடுத்த படத்தைக் காட்டினால் ஒரு டியூபை நீட்டுவார்கள். உங்களுக்கு வங்காளம் சரியாக வராவிட்டால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே வாங்கிவிடுவீர்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான். டயாப்பர் ரேஷ் என்பது ஒரே நோய் அல்ல. பல தோல் பிரச்னைகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது.

ஏன் வருகிறது?

ஈரம் நேரம் ஆக ஆக தோலை ஊறவைக்கிறது. ஊறிய தோல் லேசான உராய்விலேயே சிராய்கிறது. சிறுநீரும் மலமும் கலக்கும்போது அம்மோனியா உருவாகி தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைகிறது. அதனால் மலத்தில் இருக்கும் என்சைம்கள் சுறுசுறுப்பாகித் தோலை அரிக்கின்றன. அம்மோனியா மட்டுமே வில்லன் என்று முன்பு நினைத்தார்கள். என்சைம்களுக்கு இருக்கும் பெரிய பங்கு 1980-களின் ஆய்வுகளில் தெரியவந்தது. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் ரேஷ் வருவது இதனால்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. மருத்துவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் முதலில் பார்ப்பது தொடை இடுக்கின் மடிப்புகளை. நீங்களும் நல்ல வெளிச்சத்தில் மடிப்பை மெல்ல விரித்துப் பாருங்கள். நம் நிறத்துக் குழந்தைகளுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியாமல், கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கலாம்.

மடிப்பு நன்றாக இருக்கிறது. பிட்டம், தொடை, அடிவயிறு போன்ற மேடான இடங்கள்தான் சிவந்திருக்கின்றன என்றால், அது பெரும்பாலும் ஈரத்தாலும் உராய்வாலும் வந்த சாதாரண எரிச்சல். மேடான இடங்களில்தான் டயாப்பர் உரசும். மிக அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

மடிப்புக்குள்ளேயே அடர்சிவப்பாக இருந்து, அதன் ஓரத்தைத் தாண்டி தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், கேண்டிடா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண ரேஷ் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் அதன் மேலேயே இந்தப் பூஞ்சை ஏறிக்கொள்ளலாம். சமீபத்தில் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்களா? வாய்க்குள் துடைத்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா? இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அவர் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்.

மடிப்பில் சிவப்பு, கூடவே தலையில் எண்ணெய்ப் பசையான மஞ்சள் செதில்கள். ஆனால் குழந்தை அரிப்போ அழுகையோ இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறது. இது செபோரிக் டெர்மடைட்டிஸாக இருக்கலாம். முதல் சில மாதங்களில் அதிகம் வரும்.

நீர்க்கொப்புளமும் தேன் நிறப் பொருக்கும் இருந்தால் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். இடுப்புப் பட்டை படும் இடத்தில் மட்டும் தடித்தால் டயாப்பர் பொருளே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ரேஷோடு சேர்ந்து வாயைச் சுற்றியும் கை, கால்களிலும் புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு என்றால் துத்தநாகக் குறைபாடு காரணமாக இருக்கலாம். அதற்கு எந்தக் கிரீமும் பலன் தராது.

அந்த டியூபில் என்ன பிரச்னை?

கடையில் சுலபமாகக் கிடைக்கும் பல டியூப்களில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு என எல்லாம் கலந்திருக்கும். தடவியதும் சிவப்பு சட்டென்று குறையும். "நல்ல மருந்து" என்று தோன்றும். ஆனால் பூஞ்சை இருந்தால் ஸ்டீராய்டு அதை மறைத்துவிடும், உள்ளே வளரவும் விடும். நிறுத்தினால் திரும்ப வரும். மறுபடியும் தடவுவீர்கள்.

பெரியவர்களைவிடக் குழந்தைக்கு இது ஏன் மோசம்? எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம். மேலே இறுக்கமாக டயாப்பர் போட்டால், மருந்து தடவி பிளாஸ்டிக் சுற்றியது போல ஆகிவிடும். ஸ்டீராய்டு ரத்தத்தில் கலக்கிறது. முகம் உருண்டையாகி, எடை கூடி, வளர்ச்சி தடைபடும் குஷிங் சிண்ட்ரோம் கைக்குழந்தைகளுக்கு இப்படியே வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது.

இந்தப் பிரச்னையைப் பற்றி உரக்கப் பேசிய ஊர்களில் கொல்கத்தாவும் ஒன்று. இங்கிருந்து 1955 முதல் வெளிவரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில், கொல்கத்தா மருத்துவர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் குண்டுவும் 2016-ல் எழுதினார்கள். ஸ்டீராய்டு கிரீமை இஷ்டத்துக்கு முகத்தில் தடவி, அது இல்லாமல் இருக்க முடியாதபடி தோல் அடிமையாவதை அவர்கள் விவரித்தார்கள். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதை அடுத்து, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் சீட்டு கேட்காத கடைகள் எல்லா ஊரிலும் உண்டு.

எனவே டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குத் தடவாதீர்கள். எந்த மொழி பேசும் ஊரிலும் இந்தப் பெயர்கள் மாறாது. சில சமயம் மிக மென்மையான ஸ்டீராய்டை மருத்துவரே சில நாட்களுக்குக் கொடுப்பார். அளவும் நாளும் தெரிந்து கொடுப்பதால் அது வேறு விஷயம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

மலம் போனதும் உடனே மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் டயாப்பர் இல்லாமல் காற்றாட விடுங்கள். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கிரீமையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தாராளமாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். மழைக்காலத்தில் துணி நாப்கின் பயன்படுத்தினால், முழுசா காய்ந்த பிறகே கட்டுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இதையெல்லாம் செய்தும் இரண்டு, மூன்று நாளில் குறையாவிட்டால் போங்கள். காய்ச்சல், கொப்புளம், சீழ், ரத்தம், ஊதா நிறப் புள்ளிகள், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள். கொல்கத்தாவில் குழந்தைகளுக்கென்றே 1956-ல் தொடங்கிய இன்ஸ்டிடியூட் ஆஃப் சைல்ட் ஹெல்த் இருக்கிறது. புல்பாகானில் பி.சி. ராய் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது.

போகும்போது இதுவரை தடவிய எல்லா டியூபையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதல் நாள் எடுத்த போட்டோவையும் காட்டுங்கள். ஸ்டீராய்டு தடவிய ரேஷ் தன் உண்மையான உருவத்தை மாற்றிக்கொண்டிருக்கும். என்ன தடவினோம் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.