தேயிலைத் தளிரில் உறையும் பனி

கோடையில் 40 டிகிரி வெப்பத்தைக் காணும் பாலக்காட்டுச் சமவெளிக்கும், குளிர்காலத்தில் பனி உறையும் மூணாறு மலைகளுக்கும் இடையே தொலைவு மிகுதியன்று. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அதனைச் சுற்றியுள்ள செண்டுவரை, குண்டளை, சைலண்ட் வேலி (இது இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கு வேறு) ஆகிய பகுதிகளில் உறைபனி புதிதன்று. 2019 ஜனவரியில் வெப்பநிலை பல நாட்கள் பூச்சியத்திற்குக் கீழே இறங்கித் தேயிலைச் செடிகள் கருகின. பனியைக் காணத் திரளும் பயணிகளைப் பற்றியே செய்திகள் மிகுதியாக வெளிவருகின்றன. ஆனால் பறித்த கொழுந்தின் எடைக்கேற்பக் கூடுதல் கூலி பெறும் தொழிலாளர்க்கு, கருகிய செடி மீண்டும் துளிர்க்கும் வரை அவ்வருவாய் குறைகிறது.

காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் எனப் பதிவான காலையிலும் இலைகள் வெளுத்துக் காணப்படுவதுண்டு. இதில் முரண்பாடு இல்லை. வானிலை நிலையத்து வெப்பமானி, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே, மரப்பெட்டியினுள் வைக்கப்படுகிறது. இலையோ திறந்த வானத்தை நோக்கியிருக்கிறது. மேகமும் காற்றோட்டமும் இல்லாத இரவில் அது தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்து, சூழ்ந்துள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாதலால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டுச் செடி தப்ப, ஓடைக்கரைச் செடி கருகுவது இயல்பே. பெட்டியிலுள்ள வெப்பமானியை மட்டும் நம்பிச் சேதத்தை மதிப்பிடுவது பிழையாக முடியும்.

குளிர்ச்சி மட்டும் இருந்தால் நீர் உறைந்துவிடாது. மாசற்ற நுண்துளி ஏறத்தாழ -38 டிகிரி வரை நீராகவே நிற்கக்கூடும். பனிப்படிகம் உருவாகத் தொடங்க ஒரு கரு வேண்டும். தூசியும், இலைமேல் வாழும் சிலவகைப் பாக்டீரியாக்களும் அக்கருவாகின்றன. பாக்டீரியா உள்ள இலையில் -2 டிகிரியிலேயே உறைதல் தொடங்கலாம்.

உறைந்தது ஏன் ஒட்டிக்கொள்கிறது? நீர் திரவமாக இருக்கும்போதே இலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பரவி, பின் அங்கேயே கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது. நீர் மூலக்கூறுகளும் பரப்புடன் பிணைகின்றன. குளிர்பதனப் பெட்டியின் உலோகத் தட்டில் ஈரவிரல் ஒட்டுவதும் இவ்வாறே: உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் விரலின் ஈரம் உறைகிறது. பூச்சியத்திற்குச் சற்றுக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் இருப்பதுண்டு. ஒன்றையொன்று தொடும் இரு பனிக்கட்டிகள் ஒட்டுவதற்கு 1850-இல் மைக்கேல் ஃபாரடே கூறிய விளக்கம் இதுவே.

இலைமேல் ஒட்டிய படிகம், இலைத்துளைகளின் வழியே உட்புற ஈரத்தையும் உறையச் செய்யலாம். செல்களுக்கு இடையே வளரும் பனி, செல்களிலிருந்து நீரை இழுக்கிறது, செல்சவ்வுகள் சிதைகின்றன. வெயில் ஏறியபின் இலை பழுப்பாவது இதன் விளைவாகும்.

நிழல் மரங்கள் வெப்ப இழப்பைக் குறைக்கின்றன. தூவல் நீர்ப்பாசனமும் உதவும். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பம் வெளியாகி இலையைக் காக்கிறது. ஆனால் இரவில் தொடங்கிய தூவலைப் பனி உருகும் வரை நிறுத்தலாகாது. இடையில் நின்றால் ஈரம் ஆவியாகி இலையை மேலும் குளிர்விக்கும். எனவே விடியும் வரை தடையின்றி நீரும் மின்சாரமும் கிடைக்கும் தோட்டங்களுக்கே இம்முறை பொருந்தும்.