காவலுக்கு எடுத்த பொல்லு

அண்மையில் எமது கல்லூரி உயர்தர மாணவர் சங்கத்தில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. "கலகக் காலத்தில் குடிமக்கள் தற்காப்பின் பொருட்டு ஆயுதம் தாங்குதல் தகும்" என்பது அன்றைய பொருள். தலைமை தாங்கும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. இரு பக்கத்தாரும் நன்றாகவே பேசினர். இறுதியில் மாணவன் ஒருவன் எழுந்து எம்மை நோக்கி ஒரு வினா விடுத்தான்.

"சேர், நடுச்சாமத்தில் படலையைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் காவற்காரனோ கள்ளனோ என்று தெரியாதபோது, அம்மாவையும் தங்கச்சியையும் வீட்டில் வைத்துக்கொண்டு நான் சட்டப் புத்தகத்தையோ கையில் எடுப்பது?"

மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. தலைவராக அமர்ந்திருந்தமையால் அன்று நாம் விடை கூறவில்லை. இக்கட்டுரை அம்மாணவனுக்கு நாம் கடமைப்பட்ட விடையாகும்.

சட்டம் கூறுவது

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிடுவோம். தற்காப்புக் குற்றமன்று. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகளிலே இதனை விரித்துரைக்கின்றது. தன் உடலையும் பொருளையும் மாத்திரமன்றிப் பிறர் உடலையும் பொருளையும் காத்தற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. உயிராபத்து, கொடுங்காயம், பெண்களின் மானத்துக்குப் பங்கம், ஆட்கடத்தல் ஆகியவை நேரும் என நியாயமாக அஞ்சுமிடத்து, தாக்க வந்தவனுக்கு மரணம் விளைவித்தல் வரைக்கும் அவ்வுரிமை நீளும். ஆகவே, அம்மாணவனுடைய அன்னையையும் தங்கையையும் சட்டம் கைவிட்டுவிடவில்லை.

ஆனால் அதே சட்டம் மூன்று வேலிகளையும் இட்டிருக்கின்றது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்குமாயின் அவ்வுரிமை இல்லை. காத்தற்கு வேண்டிய அளவினும் மிகுந்த தீங்கு செய்தல் ஆகாது. ஆபத்துப் பற்றிய அச்சம் நீங்கியவுடன் உரிமையும் நீங்கிவிடும். ஓடி ஒளிந்தவனைத் தேடிப் பிடித்து அடிப்பது தற்காப்பன்று, அது தண்டனை. தண்டிக்கும் அதிகாரம் நியாயஸ்தலத்துக்கே உரியது.

துவக்கு வைத்திருத்தலோ வேறு விடயம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அதற்கு அநுமதிப் பத்திரம் வேண்டுமென விதிக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, 1791 இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருத்தலைக் குடிகளின் உரிமையாகக் கூறுகின்றது. நம் நாட்டிலே அது அரசாங்கம் தரும் அநுமதி மாத்திரமே. எது நன்று என்பதைப் புத்தகத்தில் தேடுதலினும் நம் நாட்டு அநுபவத்திலே தேடுதல் பயன் தரும்.

1915 ஆம் ஆண்டின் பாடம்

1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கண்டியிலே தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலகம் சில நாட்களுள் பல மாகாணங்களுக்குப் பரவியது. 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 80க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமுற்றன. யூன் 2 ஆந் திகதி தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். படையினரோடு, ஆயுதம் வழங்கப்பெற்ற ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வணிகரும் அமைதி காக்கப் புறப்பட்டனர். சிறிது காலத்துக்கு முன்வரை கணக்குப் புத்தகம் எழுதிய கைகள் துவக்கேந்தின. விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர்.

அக்காலத்திலே கொழும்பு நகரக் காவற்படையிலே தொண்டராகச் சேர்ந்து கப்டனாக உயர்ந்தவர் எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர். கலகத்தை அடக்கும் பொருட்டு ஆயுதம் ஏந்திய அவரே, கலகத்தைத் தூண்டினாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி யூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது 26. குழப்பத்திலே யார் காவலர், யார் கலகக்காரர் என்ற தீர்ப்பு, கணத்துக்குக் கணம் மாறும் அச்சத்தின் கையிலே இருக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இக்கொடுமையைச் சட்டசபையிலே அஞ்சாது எடுத்துரைத்தவர் மானிப்பாய் மரபிலே வந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவார். மருதனார்மடத்திலே பெண்களுக்கெனவும் திருநெல்வேலியிலே ஆண்களுக்கெனவும் கல்லூரிகள் நிறுவிய அப்பெருமகன், போர்க்காலத்துக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று நீதி கேட்டார். 1916 இல் இலண்டனிலே இது குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். கடைகளையும் உறவினரையும் இழந்த முஸ்லிம் மக்கள், தம் துயரத்துக்கு அவருடைய பேச்சிலே போதிய இடமில்லை என்று வருந்தினர். அவ்வருத்தமும் நியாயமானதே. ஆயினும், ஆயுதம் ஏந்தியவர் எவராயினும் தம் செயலுக்கு நீதிமன்றத்திலே பதிலிறுக்க வேண்டும் என்ற அவருடைய வாதம் இன்றும் உயிரோடிருக்கின்றது.

அச்சம் பொய்யன்று

"பழைய கதை போதும், நம் காலத்தைக் கூறுக" என மாணவர் கேட்கலாம். 1984 நவம்பரில் முல்லைத்தீவுப் பகுதியின் கென்ற், டொலர் பண்ணைகளிலே சிங்களக் குடியேற்றவாசிகள் புலிகளாற் கொல்லப்பட்டனர். எல்லைக் கிராமத்தாரின் அச்சம் கற்பனையன்று. அவர்களுக்கு அரசாங்கம் துவக்குகளை வழங்கி ஊர்காவற்படையை அமைத்தது. துவக்கு வந்தபின் நிகழ்ந்ததற்கு 1992 ஏப்ரில் 29 ஒரு சாட்சி. பொலனறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானையிலே ஐம்பதுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதன்பின் ஊர்காவற்படையினர் அண்மையிலுள்ள முத்துகல், கரப்பொல ஆகிய தமிழ்க் கிராமங்களினுட் புகுந்து ஏறத்தாழ அதே தொகையினரைக் கொன்றனர். குழந்தைகளும் முதியோரும் அவர்களுள் இருந்தனர். தாக்கியவர்களை நோக்கித் திரும்ப வேண்டிய துவக்கு, கையெட்டும் தூரத்திலிருந்த அயலவரை நோக்கித் திரும்பியது.

பிறரைக் கூறி நம்மைக் கூறாது விடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. 1983 யூலையிலே கொழும்பில் வீடிழந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையிலே வந்திறங்கிய மக்களைக் கண்டு நம் இளைஞர் ஆயுதமே அரண் என நம்பினர். அரசும் பொலிசாரும் காவாது விட்டபோது அவ்வெண்ணம் எழுந்தது வியப்பன்று. ஆனால் ஏழாண்டுகளின் பின், 1990 ஒக்ரோபர் 30 ஆந் திகதி, அதே அரண் எனப்பட்ட ஆயுதத்தின் முன்னே, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பங்கள் இரண்டே மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேறின. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். மறுநாள் எமது வகுப்பிலே வாங்கொன்று வெறுமையாக இருந்தமையை இன்னும் மறந்திலேம். 1983 இலே உயிர் தப்பியோரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுட் பலரைக் காத்தது துவக்கன்று. அயல்வீட்டுச் சிங்களத் தாயோ முஸ்லிம் வணிகரோ இரவிலே திறந்த கதவுதான்.

எமது ஒழுங்கையிலே

இனி எம் கதையையும் கூறிவிடுகின்றோம். 2011 ஓகஸ்ட் மாதத்திலே "கிறீஸ் பூதம்" என்ற பேச்சு இலங்கை முழுவதும் பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதர் இரவிலே பெண்களைத் தாக்குகின்றனர் என்றனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் முன்னோர் மொழி. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, ஐயத்தின் பேரில் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். புத்தளத்திலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தின் கையிலே மாண்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையிலே ஓகஸ்ட் 22 இரவு, ஐயத்துக்குரியோரை மக்கள் துரத்திச் சென்றனர், அவர்கள் படைமுகாமுக்குள் ஓடியதாக மக்கள் கூறினர், படையினர் மறுத்தனர். நள்ளிரவின் பின் வீடுகளினுட் புகுந்து ஏறத்தாழ நூறு ஆடவர் பிடிக்கப்பட்டனர். பலர் அடியுண்டு வைத்தியசாலைக்குச் சென்றனர். காவலும் நம்பிக்கை தராது, நாமாகக் காத்தலும் நன்மை தராது தவித்த நாட்கள் அவை.

எமது ஊரிலும் காவல் தொடங்கினோம். ஒழுங்கைக்கு எண்மர், ஆளுக்கொரு பொல்லு. எம்மிடமும் ஒன்று இருந்தது. நான்காம் நாள் இரவு, ஒரு மணியளவில், நிலவில்லாத இருளிலே ஒருவன் வேலியோரமாக விரைந்து வந்தான். "யாரது?" என்று அதட்டினோம். விடை கூறாது ஓடினான். அவ்வளவுதான், எண்மரும் துரத்தினோம். அவன் பனையடியிலே இடறி விழுந்தான். முதல் அடி அவன் தோளிலே விழுந்தது. அஃது எவருடைய பொல்லு என்று இன்றுவரை நாம் எமக்குள்ளே கேட்டுக்கொண்டதில்லை. இரண்டாவது பொல்லு எம்முடையது, அஃது உயர்ந்திருந்தது.

அப்போது ஆச்சி ஒருத்தி கையிலே அரிக்கன் லாம்போடு படலைக்கு வெளியே வந்தார். "பொறுங்கோ தம்பிமாரே! முகத்தைப் பாருங்கோ!" என்று கத்தினார். வெளிச்சத்திலே பார்த்தோம். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் எமது ஒழுங்கைப் பிள்ளை. கடைசி வண்டி பிந்திவிட, நடந்து வந்திருக்கின்றான். பொல்லுகளோடு எண்மரைக் கண்டு, நம்மையே கிறீஸ் பூதமென எண்ணி ஓடியிருக்கின்றான்.

அன்று எம் கையிலே இருந்தது துவக்காயின், ஆச்சியின் குரலுக்கு அங்கே வேலை இருந்திராது.

அம்மாணவனுக்கு

2011 யூலை 5 ஆந் திகதி, சத்தீஸ்கார் மாநிலத்திலே மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞருக்குத் துவக்குக் கொடுத்து விசேட பொலிசாராக்கியமை அரசியலமைப்புக்கு முரணென இந்திய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதிய கல்வியும் பயிற்சியும் அற்றோர் கையிலே ஆயுதத்தைக் கொடுத்துத் தன் கடமையை அவர் தோளில் ஏற்றுதல் அரசுக்குத் தகாது என்பதே அதன் சாரம். காவல் அரசின் கடமை. மக்களின் மொழியைப் பேசி, மக்களுக்கும் நீதிமன்றத்துக்கும் பதிலிறுக்கும் பொலிசாரைக் கேட்பது குடிமக்களின் உரிமை. அவ்வுரிமையை ஒருபோதும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

தம்பி, உன் வினாவுக்கு விடை இதுவே. படலையைத் தாண்டி வந்து உன் அன்னைமேற் கைவைப்பவனைத் தடுக்க உனக்கு உரிமை உண்டு. அதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் விளக்கை ஏற்று. குரல் கொடுத்து அயலாரை எழுப்பு. வந்தவனின் பெயரைக் கேள். ஊர்க்காவல் வைப்பதாயின், யார் யார் காவல் நிற்கின்றனர் என்பதை ஊரெல்லாம் அறியச் செய். பிடிபட்டவனை அடிப்பதில்லை என்று காவலுக்குப் புறப்படுமுன் எல்லோரும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓடுகிறவனைத் துரத்தும் கணத்திலே நீ காவலன் என்னும் நிலையை இழந்துவிடுகின்றாய் என்பதை மறவாதே.

அன்று பனையடியிலே விழுந்த பிள்ளை இப்போது இரண்டு குழந்தைகளின் தந்தை. சந்தையிலே எம்மைக் காணுந்தோறும் "மாஸ்டர், சுகமோ?" என்று கேட்கின்றார். நாமும் சுகம் கேட்கின்றோம். அவர் முகத்தைப் பார்த்துப் பேச இன்று எம்மால் முடிகின்றதென்றால், அஃது எம் விவேகத்தால் வந்ததன்று. அந்த ஆச்சியின் லாம்பு வெளிச்சத்தால் வந்தது.