புதுச்சேரியில் அறை போட்ட சனிக்கிழமை

"தாழ்வு மண்டலம் வலுவிழந்துதான் கரையைக் கடக்குமாம், கிளம்பலாம்" என்றார் வீட்டுக்காரர். 2024 நவம்பர் 28-ஆம் தேதி வானிலை ஆய்வு மையமும் அப்படித்தான் சொல்லியிருந்தது. மறுநாள் பிற்பகல் அதே தாழ்வு மண்டலம் ஃபெஞ்சல் புயலாகிவிட்டது. நவம்பர் 30, சனிக்கிழமைக்குப் புதுச்சேரியில் அறை போட்டிருந்தோம். புயலும் அன்றிரவு அந்தப் பக்கமாகத்தான் கரையைக் கடந்தது.

நான் வேண்டாம் என்றது காற்றுக்குப் பயந்து அல்ல. புயல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். புதுச்சேரி அருகே மணிக்கணக்கில் நகராமல் நின்ற ஃபெஞ்சல், ஒரே நாளில் அங்கே 46 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. போவதைப் பற்றி யோசிக்கிற அளவு திரும்புவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மழை விட்டபின் திங்களன்றுதான், திரும்பும் வழியிலுள்ள விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. வைகை, பல்லவன் உட்படப் பல ரயில்கள் ரத்தாயின.

எங்களைப் போன்ற முடிச்சூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த ஊர் இது. மாமியாரைத் தனியே விட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து எதை ரசிப்பது?

பணம்தான் கிளம்பச் சொல்லி உறுத்தும். ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பும்; நாமாக ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. விடுதிக்காரரிடம் நான் பணத்தைக் கேட்கவில்லை, தேதியை மாற்றக் கேட்டேன். பொங்கல் கழித்து வரச் சொன்னார்.