பனிமூட்டமா, பார்வைக் குறையா?

கொடைக்கானலில் பனி இறங்கிவிட்டால் எதிரே வரும் பஸ்ஸின் போர்டுகூடத் தெரியாது. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளிலும் உங்க பிள்ளைக்குக் கரும்பலகை அப்படித்தான் மங்கலாகத் தெரிகிறதோ என்னவோ! ஆனால், பிள்ளை அதை உங்களிடம் சொல்லாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். "படிப்புல கவனமே இல்ல" என்று வீட்டில் திட்டு மட்டும் விழும். அதனால்தான், பிள்ளை சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நாமே பரிசோதிக்க வேண்டும்.

ஏன் சீக்கிரமே?

ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் வெளியே தெரியவே தெரியாது. நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துவிடும். மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதைச் 'சோம்பேறிக் கண்' என்பார்கள். 7, 8 வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தும் பெரும்பாலும் சரிசெய்யலாம். தாமதித்தால் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைப்பது கடினம்.

எப்போது, எங்கே?

பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம்.

பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களிலிருந்து கண் டாக்டரைப் பார்த்துவர ஒருநாள் கூலி போய்விடும். ஆனால், முதல்கட்டப் பரிசோதனை உங்க ஊருக்கே வருகிறது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். வரும் தேதியை ஆசிரியரிடம் கேட்டு வையுங்க. அன்று பிள்ளைக்கு லீவு போட வேண்டாம். குறை தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். கண்ணொளி காப்போம் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணாடி இலவசம்.

வீட்டில் கவனியுங்க

* ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, தூரத்துப் போர்டைப் படிக்க வையுங்க. பிறகு மறு கண்.
* டி.வி.க்கு மிக அருகில் உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, மாறுகண், அடிக்கடி தலைவலி ஆகியவை இருந்தால் பரிசோதனை தேவை.
* ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்க.

"இந்த வயசிலேயே கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்" என்பது தவறு. தேவையான கண்ணாடியைப் போடாமல் விடுவதுதான் பிள்ளையின் பார்வைக்கும் படிப்புக்கும் கெடுதல்.

சந்தேகமா? உங்க மொபைலில் 104-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்க.