கடைசித் தவணையின் கணக்கு

2019-ஆம் ஆண்டு மே மாதம் இணையத்தில் ஒரு விண்ணப்பம் சுற்றுக்கு வந்தது. வரிக் குறைப்போ, மரண தண்டனை நிறுத்தமோ அதன் கோரிக்கை அல்ல. ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்று அது கேட்டது. உலகெங்கிலுமிருந்து 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் தயாரித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்பதே அந்தத் தொடர்.

ஒரு கற்பனைக் கதைக்காக இத்தனை ஆவேசமா, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பது எளிது. அப்போது பலரும் அப்படிக் கேட்கத்தான் செய்தார்கள். ஆனால், ஒரு பொருளை வாங்கியவர்களில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்கள் என்றால், அந்தப் பொருள் சோப்பாக இருந்தாலும் கதையாக இருந்தாலும், பொருளியல் படித்தவர்கள் அதைப் புறந்தள்ளிவிட முடியாது. இதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. ஏமாற்றம் உச்சத்தில் இருந்தபோதுதான் விற்பனையும் உச்சத்தில் இருந்தது. அதன் காரணத்தைத் தேடினால் ரசிகர்களின் மனநிலையைவிடச் சந்தையின் இயல்பு குறித்தே நாம் அதிகம் அறிந்துகொள்ள நேரும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சில விவரங்கள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1996 முதல் வெளியிட்டுவரும் நாவல் வரிசையே இதற்கு மூலம். ஓர் இரும்பு அரியணை, அதற்காக மோதிக்கொள்ளும் அரச குடும்பங்கள், நாடு கடந்து வாழும் பழைய அரச வம்சத்தின் இளவரசி டெனேரிஸ், அவள் வளர்க்கும் மூன்று டிராகன்கள், வடக்கே பனிச்சுவருக்கு அப்பாலிருந்து திரண்டு வரும் பிணங்களின் படை என்று விரியும் மாயக் கதை. 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் முடிவுற்றது. 8 சீசன்கள், 73 அத்தியாயங்கள். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பாகும் அத்தியாயம் இந்தியாவில் திங்கள்கிழமை காலை ஆறரை மணிக்கே ஹாட்ஸ்டாரில் வந்துவிடும். கதையை யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில், விடிந்தும் விடியாத அந்தப் பொழுதில் எழுந்து அமர்ந்து பார்த்த இளைஞர்கள் நம் ஊரிலும் ஏராளம்.

இந்தத் தொடர் தன் நம்பகத்தன்மையை ஈட்டிய விதம் கவனிக்கத்தக்கது. முதல் சீசனின் நாயகன் என்று எல்லோரும் எண்ணியிருந்த நெட் ஸ்டார்க் என்ற நேர்மையாளர், ஒன்பதாவது அத்தியாயத்தில் தலை வெட்டப்பட்டு இறக்கிறார். அரசியின் குழந்தைகள் அரசருக்குப் பிறந்தவர்கள் அல்லர் என்ற உண்மையைக் கண்டறிந்தவர், அதை அரசரிடம் கூறுவதற்கு முன்பாக, இரக்கத்தால் அரசி செர்சியிடமே கூறி எச்சரிக்கிறார். அதற்கான விலையைக் கொடுக்கிறார். அவருடைய மகன் ராப், ஃபிரே குடும்பத்துப் பெண்ணை மணப்பதாக வாக்களித்துவிட்டு வேறொரு பெண்ணை மணக்கிறான். மூன்றாவது சீசனில் ஒரு திருமண விருந்தில் மனைவியோடும் தாயோடும் படுகொலை செய்யப்படுகிறான்.

ரசிகர்கள் இவற்றைக் கண்டு துடித்தார்கள். ஆனால், தொடரைக் கைவிடவில்லை. மாறாக, அதன் மீதான மதிப்பு கூடியது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விளைவு உண்டு, அதிலிருந்து நாயகனுக்கும் விலக்கில்லை என்ற விதியை அந்தக் கதை உறுதியாகக் கடைப்பிடித்ததே காரணம். மாயக் கதை என்றால் எதுவும் நடக்கலாம் என்று பொருளல்ல. டிராகன் பறக்கலாம், ஆனால், படை நடந்துதான் செல்ல வேண்டும். வாளுக்கு இரும்பும், வீரனுக்கு உணவும், போருக்குக் கடனும் வேண்டும். பிராவோஸ் நகரத்து வங்கி அரசர்களையே கடன் கேட்டு நெருக்கும் காட்சிகள் இத்தொடரில் உண்டு என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி அளித்த செய்தி. பற்றாக்குறை இல்லாத உலகில் பொருளியலும் இல்லை; கதையும் இல்லை.

பிற்பகுதியில் தளர்ந்தது இந்த விதிதான். மார்ட்டினின் ஐந்தாவது நாவல் 2011-இல் வெளிவந்தது. 2016-இல் ஒளிபரப்பான ஆறாவது சீசன் வாக்கில் தொடர் அந்த நாவல்களைக் கடந்து சென்றுவிட்டது. கதையின் முக்கிய முடிவுகளை மார்ட்டின் முன்கூட்டியே படைப்பாளிகளான டேவிட் பெனியாஃப், டி.பி. வைஸ் ஆகியோரிடம் தெரிவித்திருந்தார். சேருமிடம் தெரியும், அங்கே செல்லும் பாதைதான் எழுதப்படவில்லை. அந்தப் பாதையை உருவாக்க மிகுதியான நேரம் தேவைப்பட்ட வேளையில்தான், பத்து பத்தாக வந்துகொண்டிருந்த அத்தியாயங்கள் ஏழாவது சீசனில் ஏழாகவும், எட்டாவதில் ஆறாகவும் சுருங்கின.

விளைவு திரையில் தெரிந்தது. முதல் அத்தியாயத்தில் தலைநகரிலிருந்து விண்டர்ஃபெல் வருவதற்கு அரச குடும்பத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. ஏழாவது சீசனிலோ, பனிச்சுவருக்கு அப்பால் சிக்கிக்கொண்டவர்களுக்காக ஒருவன் ஓடிச் சென்று செய்தி சொல்ல, பறவை பறந்து தெற்குக் கடலோரம் சேர, அங்கிருந்து டெனேரிஸ் டிராகனில் வந்து மீட்க, அனைத்தும் ஓரிரு பொழுதுகளில் நடந்து முடிந்தன. தொடரின் முதல் காட்சியிலேயே அச்சுறுத்தலாக அறிமுகமான பிணங்களின் படை, எட்டாவது சீசனின் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரே இரவில், அதன் தலைவனை ஆர்யா என்ற பெண் கத்தியால் குத்தியதும் உதிர்ந்து போனது. அடுத்த அத்தியாயத்தில் எதிரிக் கப்பற்படை மறைந்திருந்து தாக்கியதில் ஒரு டிராகன் மாண்டது. அந்தக் கப்பற்படையை டெனேரிஸ் சற்றே மறந்துவிட்டாள் என்ற பொருள்பட பெனியாஃப் அளித்த விளக்கம் இன்றுவரை கேலிக்கு உள்ளாகிறது. அதே அத்தியாயத்தில் மேசை மேல் நவீன காலத்துக் காபிக் கோப்பை ஒன்று அகற்றப்படாமல் நின்றது. அது அற்பப் பிழைதான். பிறகு நீக்கியும் விட்டார்கள். ஆயினும், அதற்குள் எதையும் அவசரத்தின் அடையாளமாகவே காணும் மனநிலைக்கு ரசிகர்கள் வந்திருந்தனர்.

பெரும் சீற்றத்துக்கு ஆளானது டெனேரிஸின் வீழ்ச்சி. அடிமைகளை விடுவித்தவளாக எட்டு ஆண்டுகள் வளர்த்தெடுக்கப்பட்ட அவள், தலைநகர் சரணடைந்து மணிகள் ஒலித்த பிறகும், அந்த நகரத்தையும் மக்களையும் டிராகனின் தீயால் எரிக்கிறாள். இது திடீர் மாற்றம் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீரீன் நகரத்தில் 163 பிரபுக்களைச் சிலுவையில் அறைந்தவள் அவள். பணிய மறுத்த தந்தையையும் மகனையும் உயிரோடு எரித்தவள். மகளுக்கு அவள் பெயரைச் சூட்டிய பெற்றோர்கள் மேலைநாடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய வருத்தத்தை விமர்சனம் என்று கொள்ள இயலாது. ஆனால், கொடுமைக்கு விதை இருந்தது என்பது வேறு. விதை மரமாவதைக் காட்டுவது வேறு. விடுதலை வீராங்கனை கொடுங்கோலியாகும் கதைக்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. அத்தகைய கதையைச் சொல்ல ஒரு முழு சீசன் தேவைப்பட்டிருக்கும். ஒதுக்கப்பட்டதோ ஓர் அத்தியாயமும் சில காட்சிகளும். சிறுவன் ஒருவனைச் சன்னலிலிருந்து தள்ளிவிட்ட பாதகனாக அறிமுகமாகி ஏழு சீசன்களில் மெல்ல மெல்ல மனிதனாகிய ஜேமி லானிஸ்டர், சில நிமிடங்களில் பழைய இடத்துக்கே திரும்பியதையும் இப்படித்தான் நோக்க வேண்டும்.

இனி, இது ஏன் நிகழ்ந்தது என்ற கேள்விக்கு வருவோம். திறமைக் குறைவு என்பது போதுமான விடையல்ல. முதல் சீசன்களை உருவாக்கியவர்களும் அதே இருவர்தாம். நிதிப் பற்றாக்குறையும் இல்லை. கடைசி சீசனில் ஓர் அத்தியாயத்துக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வெளிவந்தன. எச்.பி.ஓ. மேலும் பல அத்தியாயங்களை விரும்பியது. போதும் என்று முடிவெடுத்தவர்கள் படைப்பாளிகள். 2018 பிப்ரவரியில், இறுதி சீசனின் பணிகள் நடந்துகொண்டிருந்தபோதே, 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் புதிய படங்களை அவ்விருவரும் எழுதப்போவதாக அறிவிப்பு வந்தது. (அடுத்த ஆண்டே அதிலிருந்து விலகிக்கொண்டார்கள்.) அவர்களின் உள்நோக்கத்தை நாம் அளக்க முடியாது; சூழலின் தூண்டுதல்களை அளக்கலாம்.

நெடுஞ்சாலையோரத்தில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் உணவகங்களை நாம் அறிவோம். அங்கே தோசை ஏன் அப்படி இருக்கிறது? சாப்பிடுபவர் மறுபடி வரப்போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். தெருமுனை மளிகைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். நாளையும் நாம் வர வேண்டும் அவருக்கு. மீண்டும் மீண்டும் ஆடப்படும் ஆட்டத்தில் நேர்மை தாக்குப்பிடிப்பதும், இது கடைசிச் சுற்று என்று தெரிந்துவிட்டால் அது ஆட்டம் காண்பதும் விளையாட்டுக் கோட்பாட்டின் பாலபாடம். நெடுந்தொடர் என்பது ஆண்டுக்கணக்கில் தவணை முறையில் வழங்கப்படும் ஒரே பொருள். ஒவ்வொரு தவணையிலும் அடுத்ததை எண்ணி விற்பவர் கவனமாக இருப்பார். கடைசித் தவணைக்கு அடுத்தது இல்லை.

வாங்குபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்குக் கடைசித் தவணைதான் முந்தைய தவணைகளின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. உளவியலாளராக இருந்தும் 2002-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன் இதை ஆராய்ந்திருக்கிறார். ஓர் அனுபவத்தை நாம் நினைவில் மதிப்பிடுவது அதன் மொத்த இன்ப துன்பத்தைக் கூட்டிப் பார்த்து அன்று. அதன் உச்சத்தையும் முடிவையும் கொண்டே பெரிதும் மதிப்பிடுகிறோம் என்பது அவர் கண்டது. அந்த வகையில், மோசமான முடிவு ஆறு அத்தியாயங்களை மட்டும் கெடுக்கவில்லை. முந்தைய 67 அத்தியாயங்களின் விலையையும் பின்னோக்கிச் சென்று குறைத்துவிட்டது.

எனில், பிடிக்காதவர்கள் பார்க்காமல் இருந்திருக்கலாமே? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய சிறு நூல் ஒன்று இங்கே உதவுகிறது. தரம் வீழும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் என்றார் அவர்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. சந்தை முதலாவதை நம்பியே இயங்குகிறது. வாங்குவோர் குறைந்தால் விற்பவர் விழித்துக்கொள்வார். விசுவாசம் மிகுந்தவர்களோ எளிதில் வெளியேற மாட்டார்கள். எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர் கடைசி ஆறு வாரங்களில் எப்படி எழுந்து போவார்? ஆகவே, குறை சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். 2011-இல் முதல் அத்தியாயத்தை அமெரிக்காவில் சுமார் 22 லட்சம் பேர் கண்டனர். இறுதி அத்தியாயத்தை அன்றிரவு மறு ஒளிபரப்பும் இணையமும் உட்பட 1 கோடியே 93 லட்சம் பேர் கண்டதாக எச்.பி.ஓ. அறிவித்தது. சிறந்த தொடருக்கான எம்மி விருதையும் அந்த சீசன் பெற்றது. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது மாபெரும் வெற்றி. வெளியேற வழியில்லாத இடத்தில் மிச்சமிருந்தது குரல் ஒன்றே. அந்தக் குரல்தான் விண்ணப்பம்.

அந்த விண்ணப்பத்தின் கோரிக்கை எனக்கு உடன்பாடானதல்ல. கையொப்பங்களை எண்ணிக் கதையை மாற்றுவது என்று தொடங்கினால் எழுத்தாளர் தேவையில்லை. ஒரு வாக்குப்பெட்டி போதும். ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றபோது லண்டன் வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்திரிகைச் சந்தாக்களை விலக்கினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1903-இல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். வாசகர்கள் வென்றார்கள், கதை வென்றதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், இரு சீற்றங்களும் ஒன்றல்ல. ஹோம்ஸின் வாசகர்கள் தங்களுக்குப் பிரியமானவர் சாகக்கூடாது என்றார்கள். நெட் ஸ்டார்க்கின் மரணத்தை ஏற்றுக்கொண்ட ரசிகர்களிடம் அந்தப் பலவீனம் இல்லை. டெனேரிஸ் சாகட்டும், கால் முடங்கிய பிரான் அரசனாகட்டும், அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைக் காட்டுங்கள் என்பதே அவர்களில் கூர்மையானோர் கேட்டது. அது விருப்பம் நிறைவேறாதவரின் புலம்பல் அன்று. விதிகளை அறிவித்தவரிடம் அவ்விதிகளின்படி கேட்கப்பட்ட கணக்கு.

எச்.பி.ஓ.வுக்கு ஒருவகையில் அடுத்த தவணை இருந்தது. அதே உலகின் முந்தைய காலத்தைச் சொல்லும் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' 2022 ஆகஸ்டில் தொடங்கியபோது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் முதல் நாளே பார்த்தார்கள். கோபம் வேறு, பழக்கம் வேறு போலும். 2024-இல் வந்த அதன் இரண்டாவது சீசனில் பத்துக்குப் பதில் எட்டு அத்தியாயங்களே இருந்தன. பெரும்போர் தொடங்கும் தறுவாயில் அது முடிந்தது. பழைய முணுமுணுப்பு மீண்டும் எழுந்தது. இம்முறை முணுமுணுத்தவர்களில் மார்ட்டினும் ஒருவர். கதையிலிருந்து ஒரு சிறு குழந்தைப் பாத்திரத்தை நீக்கினால், அதைத் தொடர்ந்து நிகழ வேண்டியவை ஒவ்வொன்றாக எப்படிச் சரியும் என்று 2024 செப்டம்பரில் தம் இணையப் பக்கத்தில் விரிவாக எழுதினார். அப்பதிவு சிறிது நேரத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. அவருடைய ஆறாவது நாவலுக்காக வாசகர்கள் 2011 முதல் காத்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).